வெக்கையான ஊரில் பல்லிக்கு லைற் எதற்கு? ஊர்வனத் தொட்டியின் சூடும் ஈரப்பதனும்

"அண்ணை, இஞ்சை மனுசருக்கே வெக்கை தாங்கேலாமக் கிடக்கு, இந்தப் பல்லிக்கு ஏன் மேல லைற் போட்டு வைச்சிருக்கிறியள்?" வன்னியில் யாராவது வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து லெபர்ட் கெக்கோ என்ற பல்லியோ பியர்டட் டிராகன் என்ற ஓணானோ வளர்த்தால், பார்க்க வரும் பெடியள் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால் ஊர்வன வளர்ப்பில் பாதி தெரிந்த மாதிரி.

அந்த விளக்கு தொட்டி முழுவதையும் சூடாக்குவதற்கு வைத்ததல்ல. தொட்டியின் ஒரு மூலையை மட்டும் மற்ற இடத்தைவிடச் சூடாக வைத்திருப்பதுதான் அதன் வேலை. மிச்ச இடம் குளிர்ச்சியாகவே இருக்க வேண்டும். ஏன் இந்த வேறுபாடு என்பதை இரணைமடுக் குளக்கரையில் ஒரு முதலையைக் கவனித்தாலே விளங்கிக்கொள்ளலாம். காலையில் கரையில் ஏறி வெயிலில் கிடக்கும். உடல் சூடேறியதும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். வாயின் ஈரத்திலிருந்து ஆவி போகும்போது தலை குளிரும். வெயில் ஏறினால் தண்ணீருக்குள் இறங்கிவிடும். நாங்கள் உண்ட சோற்றின் பெரும்பகுதியை உடலைச் சூடாக வைத்திருக்கவே எரிக்கிறோம். ஊர்வன அப்படிச் செய்வதில்லை. வெளியிலிருந்து சூட்டை எடுக்கின்றன, கூடினால் குளிர்ச்சியான இடத்துக்கு ஒதுங்கிவிடுகின்றன. அதனால்தான் ஒரு பாம்பு கிழமைக்கு ஒரு எலியோடு சமாளிக்கிறது.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. உடல் வெப்பம் சரியாக இல்லாவிட்டால் உள்ளே ஒரு வேலையும் ஒழுங்காக நடக்காது. சமிபாட்டு நொதியங்கள் மந்தமாகும். இரை விழுங்கிய பாம்பு குளிரில் கிடந்தால் இரை செரிக்காமல் வயிற்றிலேயே பழுதாகும், பாம்பு அதைக் கக்கிவிடும். நோய் எதிர்ப்பும் தளரும். மறுபக்கம், ஊர்வனவுக்கு வியர்ப்பதில்லை. 40 பாகை செல்சியஸைத் தாண்டிய காற்றில் தப்பிப் போக இடமில்லாமல் அடைபட்டால், கொஞ்ச நேரத்திலேயே செத்துப்போகும். குளிர் பல கிழமைகளில் செய்யும் கேட்டை அதிக வெப்பம் ஒரு மதியத்தில் செய்துவிடும்.

ஆகவே தொட்டிக்கு இரண்டு முனை வேண்டும்: வெயில் காய ஒரு முனை, ஒதுங்க ஒரு முனை, இரண்டுக்கும் நடுவில் படிப்படியாகக் குறைந்து போகும் வெப்பம். எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பிராணியே தீர்மானிக்கும். வீட்டில் பல்ப் போட்டுக் கோழிக்குஞ்சு வளர்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை: குஞ்சுகள் பல்புக்கடியில் நெரிந்து நின்றால் குளிர், ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்து நின்றால் சூடு, பரவித் திரிந்தால் சரி. ஊர்வனத் தொட்டியையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும். நாள் முழுக்க விளக்கின் கீழேயே கிடக்கிறதென்றால் சூடு போதவில்லை. எந்நேரமும் குளிர் முனையில், அதுவும் தண்ணீர்ச் சட்டிக்குள்ளேயே கிடக்கிறதென்றால் அந்த முனைகூடச் சூடாகிவிட்டது.

நீளமில்லாத தொட்டியில் இதைச் செய்யவே முடியாது. இரண்டடித் தொட்டியில் விளக்கைப் போட்டால் முழுத் தொட்டியும் ஒரே சூடு. வளர்ந்த பியர்டட் டிராகனுக்கோ போல் பைதன் என்ற மலைப்பாம்புக்கோ நாலடி நீளம் வேண்டும். கடைக்காரர் சின்னத் தொட்டியைக் காட்டி "இது காணும்" என்றால் நம்ப வேண்டாம்.

எந்தப் பிராணி என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடும்பு, நட்சத்திர ஆமை, பச்சோந்தி, குளத்தில் பிடிபடும் ஆமை எதையும் பிடித்து வளர்க்க வேண்டாம். 1937இல் வந்து பின்னர் பலமுறை திருத்தப்பட்ட இலங்கையின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் உள்நாட்டு ஊர்வனவற்றில் மிகப் பெரும்பாலானவற்றைப் பாதுகாக்கிறது. நட்சத்திர ஆமை 2019இல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்புக்கும் ஏற்றப்பட்டது. பற்றைக்குள் கண்டால் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். நான் பேசுவது தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த வெளிநாட்டு இனங்களைப் பற்றி. அவற்றை வாங்கும்போதும் அனுமதிப்பத்திரம் உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஒவ்வோர் இனத்துக்கும் கணக்கு வேறு. அவுஸ்திரேலிய உள்நாட்டு வறள்நிலத்திலிருந்து வந்த பியர்டட் டிராகனுக்கு, விளக்கின் கீழே அது படுக்கும் கல்லோ கட்டையோ 38 முதல் 42 பாகை வரை சூடாக இருக்கலாம்; குளிர் முனை 24 முதல் 28. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியப் பக்கத்து லெபர்ட் கெக்கோ இரவில் நடமாடுவது. நிலத்தில் 32, 33 பாகையில் ஒரு சூடான இடம், மறுமுனை 25 அளவில். மேற்கு ஆபிரிக்காவின் போல் பைதனுக்குச் சூட்டு முனை 31 முதல் 33, குளிர் முனை 25 முதல் 27. நியூ கலிடோனியாத் தீவின் கிரெஸ்டட் கெக்கோ 22 முதல் 26 பாகைக்குள் வாழ்வது, 28ஐத் தாண்டினாலே வாடும். ஆளைக் கவரும் அழகுதான். ஆனால் வன்னியில் குளிரூட்டிய அறை இல்லாமல் அதை வளர்க்க நினைப்பது கொடுமை.

இந்த எண்களில் சூட்டு முனையைக் கொண்டுவருவது எங்களுக்கு மிக இலகு. குளிர் முனைதான் தலையிடி. இணையத்தில் கிடைக்கும் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர் எழுதியவை. அவர்களின் அறை 20 பாகை. அங்கே கல்லை 40க்கு ஏற்ற வேண்டுமென்றால் 20 பாகை உயர்த்த வேண்டும், அதனால் 100 வாற், 150 வாற் விளக்கு வாங்கச் சொல்வார்கள். எங்கள் அறை காலையிலேயே 30. ஏற்ற வேண்டியது 10 பாகைதான். சூடு வெளியேறும் வேகம் உள்ளுக்கும் வெளிக்குமான வித்தியாசத்தைப் பொறுத்தது. வித்தியாசம் பாதியானால் தேவையான வாற்றும் ஏறக்குறையப் பாதி. 40, 50 வாற் போதும், அதற்கும் விளக்கு எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கையேட்டை அப்படியே பின்பற்றி 150 வாற் போட்டால் சித்திரை மாதத்தில் தொட்டி அடுப்பாகிவிடும்.

இன்னொரு விசயம்: விளக்கை அணைத்தாலும் தொட்டியின் குளிர் முனை அறையைவிடக் குளிராது. அறை 35 என்றால் தொட்டியும் 35. எனவே முதலில் பார்க்க வேண்டியது தொட்டியை அல்ல, அறையை. தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் அறை சித்திரை, வைகாசியில் பின்னேரம் இரண்டு, மூன்று மணிக்கு எவ்வளவு சூடாகிறது என்று ஒரு வெப்பமானியை வைத்து ஒரு கிழமை பாருங்கள். பிராணி வாங்குவதற்கு முன்னர் பாருங்கள். 34, 35ஐத் தாண்டினால் தொட்டிக்கு வேறு இடம் தேட வேண்டும்: ஓட்டு வீடு, மேற்கு வெயில் விழாத சுவர், வேப்பமரமோ மாமரமோ கூரைக்கு நிழல் தரும் பக்கம். சூடான காற்று மேலே ஏறும், ஆகவே தொட்டியை உயரமான அலுமாரியில் வைக்காமல் நிலத்துக்குக் கிட்ட வைத்தால் ஓரிரண்டு பாகை குறையும். சீமெந்து நிலம் இன்னும் உதவும். யன்னலூடாக வெயில் நேரே விழும் இடத்தில் கண்ணாடித் தொட்டி ஒருபோதும் கூடாது. கண்ணாடி ஒளியை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாது. அரை மணித்தியாலம் போதும் பிராணி சாக.

தொட்டிக்குள்ளே செய்யக்கூடியது மண்ணின் ஆழத்தைக் கூட்டுவது. மேற்பரப்பில் மட்டும் கொஞ்ச மணல் தூவிவிட்டால் பிராணிக்கு ஒதுங்க இடமில்லை. குளிர் முனையில் ஆறேழு அங்குல ஆழத்துக்குச் செம்மண்ணும் மணலும் கலந்து நிரப்பி, வாயுடைந்த மண்முட்டி ஒன்றைப் பாதி புதைத்து வைத்தால் மதியச் சூடு அங்கே இறங்கப் பின்னேரமாகிவிடும். எங்கள் காட்டில் உடும்பு பொந்துக்குள்ளும் பாம்பு கறையான் புற்றுக்குள்ளும் போய்க் கிடப்பது இதே கணக்கில்தான். வைகாசி வெயிலில் புற்றின் மேலே கை வைக்க முடியாது, உள்ளே குளிர்ச்சியும் ஈரமும்.

விளக்கு எரியும் நேரத்தையும் பருவத்தோடு மாற்றலாம். கோடையில் காலை ஏழுக்குப் போட்டுப் பதினொரு மணிக்கு அணைத்துவிடலாம்; பிராணி காலையில் காய்ந்து சூடேறிவிடும், பிறகு அறையே அதைச் சூடாக வைத்திருக்கும். பகல் வெளிச்சத்துக்குச் சூடில்லாத எல்ஈடி இருக்கட்டும். இரவில் இறங்குவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், இறங்கத்தான் வேண்டும். தை மாதத்து விடியப்புறம் 20, 21 பாகைக்குப் போகும் ஊரில், டிராகனும் லெபர்ட் கெக்கோவும் சும்மா தாங்கும். போல் பைதனுக்கு மட்டும் அந்த நாட்களில் 24க்குக் கீழே போகாமல் ஒரு சிறிய சூடேற்றும் விரிப்பு வேண்டும், வெப்பநிலைக் கட்டுப்படுத்தியோடு. அந்தக் கட்டுப்படுத்தி இல்லாமல் விரிப்பை நேரே கரண்டில் செருகக் கூடாது. பாம்பு வயிறு வெந்தாலும் விலகாமல் கிடக்கும். கோழிமுட்டை பொரிக்கும் பெட்டிக்குப் போடுகிற சின்னக் கட்டுப்படுத்தியே இதற்கும் பொருந்தும். சூடேறும் செயற்கைக் கற்களை யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

இனி ஈரப்பதன். வானிலை அறிக்கையில் வரும் சாரீரப்பதன் என்ற எண்ணைத்தான் நாங்களும் அளக்கிறோம். காற்று அந்த வெப்பத்தில் எவ்வளவு நீராவியைத் தாங்க முடியுமோ, அதில் எத்தனை வீதம் இப்போது இருக்கிறது என்பதுதான் அது. இங்கே கவனிக்க வேண்டியது "அந்த வெப்பத்தில்" என்பது. 25 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 23 கிராம் நீராவியைத் தாங்கும். 35 பாகையில் கிட்டத்தட்ட 40 கிராம். 20 பாகையில் 17 கிராம்தான்.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விடியற்காலை 25 பாகை, சாரீரப்பதன் 80 வீதம் என்றால் காற்றில் இருப்பது 18 கிராமுக்குச் சற்றுக் கூட. விளக்கைப் போட்டு அதே காற்றை 35 பாகைக்கு ஏற்றினால் ஒரு துளி நீரும் வெளியேறாமலே சாரீரப்பதன் 46 வீதமாக விழும். விளக்குக்கு நேர் கீழே 40 பாகையில் அது 36 வீதம். அதே காற்றை மார்கழி இரவில் 20 பாகைக்குக் குளிரவிட்டால் தாங்க முடியாத மிச்சம் கண்ணாடியில் துளியாகப் படியும். காலையில் தொட்டிக் கண்ணாடி வேர்த்திருப்பதைக் கண்டு "யார் தண்ணி ஊத்தினது?" என்று வீட்டில் ஆளையாள் விசாரிக்க வேண்டாம்.

சூட்டையும் ஈரத்தையும் தனித்தனியே திருத்தப் போகிறவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்பது இப்போது தெரிந்திருக்கும். விளக்கைத் தொட்டால் ஈரமும் அசையும். வன்னிக்கு இதிலிருந்து வரும் வழி இதுதான்: கோடையில் விளக்கைக் குறை, தண்ணீரைக் கூட்டு, மாரியில் விளக்கைக் கூட்டு, தண்ணீரைக் குறை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை பிடித்தால் அறைக்குள் இரவில் 90 வீதம் சாதாரணம். டிராகனுக்கு வேண்டியது 30 முதல் 40 வீதம். அப்போது விளக்குத்தான் தொட்டியை உலர்த்தும் கருவி. பகல் முழுக்க எரியட்டும், மூடியும் முழுவதும் வலையாக இருக்கட்டும். ஆனி, ஆடியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது நிலைமை தலைகீழ். அந்தக் காற்று துணியை ஒரு மணித்தியாலத்தில் காயவைப்பது போலத் தொட்டியையும் காயவைக்கும். 55 முதல் 70 வீதம் வரை தேவைப்படும் போல் பைதனுக்கு வலைமூடியின் பாதியை ஒரு கண்ணாடித் துண்டால் மூடிவிட வேண்டும். விளக்கு இருக்கும் பக்கத்தை மூடக் கூடாது.

நனைத்த சாக்கை யன்னலில் தொங்கவிட்டு அறையைக் குளிரவைக்கும் பழைய வேலையும் சோளகத்தில் அருமையாக எடுபடும், காற்று காய்ந்திருப்பதால். மாரியில் அதே சாக்கு ஒன்றுக்கும் உதவாது, மணக்கும்.

ஈரத்தைக் கூட்டுவது எப்படி? பலர் தெளிகருவியால் நாளுக்கு நாலுமுறை தெளிப்பார்கள். தெளித்தவுடன் மானி 80 காட்டும், அரை மணித்தியாலத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும். மேல்மண் மட்டும் எப்போதும் நசநசவென்றிருக்கும். அதைவிடத் தொட்டி மூலையில் ஒரு குழாய்த் துண்டைச் செருகி அடிமண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். அடி ஈரம், மேல் உலர்வு. ஈரம் மெல்ல மெல்ல ஏறி நாட்கணக்கில் நிற்கும். இதற்குத் தும்புச்சோறு (தென்னந்தும்புத் தூள்) நல்லது, ஊரிலேயே மலிவாகக் கிடைக்கும். நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாயம் போக்கிவிட்டுப் போட வேண்டும். வைக்கோல் வேண்டாம், ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

"வறள்நிலத்துப் பிராணிக்கு ஈரம் எதற்கு?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். லெபர்ட் கெக்கோவின் ஊரில் மேலே காற்று காய்ந்திருக்கும், அது பகலைக் கழிக்கும் பொந்துக்குள் அப்படியில்லை. புற்றைப் பற்றிச் சொன்னது இங்கும் பொருந்தும். தொட்டி முழுவதும் 30, 40 வீதம் இருக்கட்டும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் உள்ளே போக ஒரு துளை வெட்டி, அடியில் ஈரத் தும்புச்சோறு போட்டு, சூட்டு முனைக்கு அருகில் வைத்துவிடுங்கள். தோல் கழற்றும் நாட்களில் கெக்கோ தானாகவே போய் அதற்குள் கிடக்கும். ஈரம் போதாவிட்டால் விரல் நுனிகளில் பழைய தோல் வளையமாக ஒட்டி இறுகி, இரத்தம் ஓடாமல் விரலே உதிர்ந்துவிடும். பாம்பு ஈரம் சரியாக இருந்தால் சட்டையை முழுசாக, காலுறை கழற்றியது போல உட்புறம் வெளியாகக் கழற்றும்; துண்டு துண்டாக உரிந்தால் காற்று காய்ந்திருக்கிறது. உரித்த சட்டையில் கண்மூடி (கண்ணை மூடியிருக்கும் தெளிந்த செதிள்) இரண்டும் வந்திருக்கின்றனவா என்று பார்க்க மறக்க வேண்டாம்.

ஈரம் கூடினாலும் நோய்தான். எந்நேரமும் நனைந்த மண்ணில் கிடக்கும் பாம்பின் வயிற்றுச் செதிள்களில் கொப்புளம் போட்டு அழுகும். ஈரத்தோடு குளிரும் சேர்ந்தால் சுவாசத் தொற்று வரும்: மூக்கில் குமிழி, மூச்சில் கிர் என்ற சத்தம், வாயைத் திறந்து தலையை உயர்த்தி வைத்திருத்தல். மாரி மாதங்களில் இதைத்தான் பயப்பட வேண்டும். இப்படிக் கண்டால் தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் போக வேண்டும். அத்தோடு, ஈரமுள்ள தொட்டியை எறும்பு தேடி வரும். தொட்டி வைத்த மேசையின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் நிறுத்துங்கள், மாவு டப்பாவுக்குச் செய்வது போலவே.

இதையெல்லாம் அளக்காமல் செய்ய முடியாது. கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் மானிகள் அலங்காரத்துக்குத்தான். நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் மானி இரண்டு வாங்கி, ஒன்றைச் சூட்டு முனையிலும் மற்றதைக் குளிர் முனையிலும், பிராணி படுக்கும் உயரத்தில் வையுங்கள். கொரோனாக் காலத்தில் நெற்றியில் காட்டிய கருவி கல்லின் சூட்டை அளக்க உதவாது, அது மனித உடல் வெப்பத்துக்கென்று செய்தது.

ஈரப்பதன்மானி பொய் சொல்கிறதா என்று அறிய ஒரு பிடி உப்புக் காணும். ஆனையிறவு உப்பானாலும் சரி, இடித்துத் தூளாக்கி, ஒரு போத்தல் மூடியில் நிரப்பி, நனைந்த களிபோல வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து நீராகக் கூடாது. மூடியையும் மானியையும் காற்றுப் புகாத டப்பா ஒன்றுக்குள் வைத்து மூடி, நிழலில் ஒரு நாள் விடுங்கள். நனைந்த உப்புக்கு மேலே நிற்கும் காற்று எப்போதும் 75 வீதத்தில்தான் நிற்கும், 20 பாகையானாலும் 35 பாகையானாலும் பெரிய மாற்றமில்லை. மானி 68 காட்டினால் அது 7 குறைவாகச் சொல்கிறது, கூட்டி வாசித்துக்கொள்ளலாம். 60க்குக் கீழே காட்டினால் எறிந்துவிடலாம்.

வெயிலின் புற ஊதாக் கதிரைப் பற்றிச் சுருக்கமாக. பகலில் காயும் இனங்களுக்கு யூவிபி என்ற அந்தக் கதிர் இல்லாவிட்டால் உடலில் விற்றமின் டி3 உருவாகாது, சுண்ணாம்புச்சத்து எலும்பில் சேராது, எலும்பு வளைந்துவிடும். கண்ணாடி யூவிபியைத் தடுக்கும், ஆகவே யன்னல் வெயில் கணக்கில் வராது. வன்னியில் இது இலவசம்: பாதிக்கு நிழல் போட்ட வலைக்கூட்டில் வைத்துக் காலை வெயிலில் இருபது, முப்பது நிமிடம், பக்கத்தில் ஆள் நிற்க. காகம் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

கடைசியாக மின்வெட்டு. 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததே, அப்படி வந்தாலும் சூட்டு முனைக்காகப் பதற வேண்டாம். குளிர்நாட்டில் அது உயிர்ப்பிரச்சினை, 30 பாகை அறையில் அல்ல. இரை எடுத்த பாம்பும் அதில் செரித்துக்கொள்ளும். பிரச்சினை மின்விசிறி நின்ற மதியத்தில்தான். உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் குளிர் முனையில் வைத்தால் இரண்டு, மூன்று மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். கரண்ட் வந்த பிறகு டைமரைப் பாருங்கள். சுழலும் பல்லுள்ள மலிவு டைமர் கரண்ட் நின்ற நேரமெல்லாம் தானும் நின்றிருக்கும். ஐந்து மணித்தியால வெட்டுக்குப் பிறகு அது ஐந்து மணித்தியாலம் பிந்தி ஓடும், விளக்கு மதியச் சூட்டோடு சேர்ந்து எரியும். முகப்பைத் திருப்பிச் சரியான நேரத்துக்கு வைத்துவிட்டுப் படுக்கப் போங்கள்.